ஊர் திரும்பிவிட்டோம். கடவுளை நம்புவது என்றால் காத்திருப்பதா, முடிவெடுப்பதா?

அலைவாய்க்கரை:

மரியே வாழ்க. இந்தக் குழுமத்தை ரொம்ப நாளாக வாசித்து வருகிறேன், எழுதுவது இப்போதுதான்.

நாங்கள் தூத்துக்குடி. கல்யாணம் ஆனதிலிருந்து துபாயில் இருந்தோம். போன வருடக் கடைசியில் அவர் வேலை பார்த்த கம்பெனி அந்தப் பிரிவையே மூடிவிட்டது. விசா முடிவதற்குள் வீட்டைக் காலி செய்து, சாமான்களை வந்த விலைக்கு விற்று, மகளைப் பள்ளியிலிருந்து எடுத்து, இப்போது என் மாமியார் வீட்டு மாடியில் இருக்கிறோம். மகள் ப்ளஸ் ஒன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் யாரிடமும் பேசாமல் படுத்துக்கொள்கிறாள்.

முன்னால் இரண்டு வழி இருக்கிறது. மஸ்கட்டில் ஒரு வேலை வந்திருக்கிறது. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். குடும்ப விசா கிடையாது, அவர் தனியாகத்தான் போகவேண்டும். இல்லையென்றால் அவருடைய சித்தப்பா மகன் நடத்தும் லாரி புக்கிங் ஆபீஸில் கையில் இருக்கும் பணத்தைப் போட்டுப் பங்காளியாகச் சேரலாம். மாத முடிவுக்குள் மஸ்கட்டுக்குப் பதில் சொல்லவேண்டும்.

எந்த வழி நல்லது என்று உங்களிடம் கேட்கவில்லை. அதை நாங்கள்தான் பார்க்கவேண்டும். என் கேள்வி வேறு. ஒருவர் வந்து "எல்லாம் இறைத்திட்டம், நீ பேசாமல் இரு, அவரே வழி காட்டுவார்" என்கிறார். இன்னொருவர் "நம்பி இறங்கு, அவர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். பக்கத்து ஊர் செபக்குழு ஒன்றில் முன்னோர் சாபம் இருக்கிறது, கட்டு உடைக்கவேண்டும் என்றார்கள். வாட்ஸ்அப்பில் தினமும் யாராவது, உங்களுக்கு நல்ல எதிர்காலம் தரும் திட்டம் என்னிடம் இருக்கிறது என்று கடவுள் சொல்லும் எரேமியா 29:11 வசனத்தை அனுப்புகிறார்கள். எனக்கோ செபமாலை சொல்ல உட்கார்ந்தால், பத்துப் பத்தாக உருட்டும் மணிகளில் இரண்டாவது பத்தைத் தாண்ட முடியவில்லை, மனது கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. இரவில் பயமாக இருக்கிறது. இப்படிப் பயப்படுவதே நம்பிக்கைக் குறைவா? கடவுளை நம்புகிறவள் இந்த நிலையில் என்னதான் செய்வாள்?

ஞானோபதேச_ஆசிரியர்:

மகளே, செபிக்கிறேன். முதலில் அந்த 29:11ஐப் பார்த்துவிடுவோம். அதை அனுப்புகிறவர்களில் பலர் அதன் மேலும் கீழும் உள்ள வசனங்களை வாசித்திருக்க மாட்டார்கள்.

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் நெபுகத்னேசர் எருசலேமின் அரசனையும் தலைவர்களையும் கைவினைஞர்களையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். வீடு, ஊர், கோவில் எல்லாவற்றையும் விட்டுப் போன அந்த மக்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார். இரண்டே வருடத்தில் எல்லாரும் எல்லாப் பொருளோடும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆண்டவர் பெயராலேயே சொல்கிறார். கேட்க யாருக்குத்தான் பிடிக்காது? எரேமியா அதை மறுக்கிறார். எழுபது ஆண்டு ஆகும் என்று எழுதுகிறார். அந்தக் கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகமாக யாரும் ஊரைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். எழுபது ஆண்டு என்பது 10ஆம் வசனம். நாம் அனுப்பிக்கொள்ளும் வாக்குறுதி அதற்கு அடுத்த வரி.

5 முதல் 7 வரை வாசித்துப் பாருங்கள். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்று இருக்கிறது. பேசாமல் உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. சீக்கிரம் பழையபடி ஆகிவிடும் என்றும் சொல்லவில்லை. இருக்கிற இடத்தில் செய்யவேண்டிய வேலையைச் செய், காலம் என் கையில் இருக்கிறது என்கிறார்.

அப்புறம் அந்தச் சாபம். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடரைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவருமே இல்லை என்று ஆண்டவர் நேராகச் சொல்கிறார். எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுக்க இதைத்தான் பேசுகிறது: தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை. உங்கள் மகள் காதில் இந்தச் சாபப் பேச்சு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் அது ரொம்ப ஆழமாக இறங்கிவிடும்.

முட்டம்_கடலோரம்:

தங்கச்சி, எங்க கன்னியாகுமரிப் பக்கத்துப் புனிதர் தேவசகாயத்தை நினைத்துப் பாருங்க. 2022 மே 15ஆம் தேதி ரோமில் புனிதராக்கினார்களே, அவர்தான். அந்த நாளில் எங்க ஊரில் யாரும் தூங்கவே இல்லை.

அவரை வேதசாட்சியாகத்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் விசுவாசத்துக்கு வந்த வழி உங்க கேள்விக்குப் பக்கத்தில் இருக்கிறது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை. பத்மநாபபுரம் அரண்மனையில் மதிப்பான வேலை. அப்படிப்பட்டவருக்கு வயலும் மாடும் நஷ்டம், வீட்டில் அடுத்தடுத்து சங்கடம், மனசு உடைந்து போயிருந்த நேரம். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் சேர்ந்த டச்சுக் கம்பெனித் தளபதி டி லனாய் அவருக்கு நண்பர். அவர்தான், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை விவிலியத்திலிருந்து சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம்.

இங்கேதான் நான் அடிக்கடி யோசிப்பது. யோபுவுக்குக் கடைசியில் ஆடு, மாடு, பிள்ளைகள் எல்லாம் திரும்பக் கிடைத்தது. தேவசகாயத்துக்குக் கிடைக்கவில்லை. நம்பினார், அதற்கப்புறம் இருந்ததும் போனது. வேலை போனது, விலங்கு போட்டார்கள், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள், பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டி வைத்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். யோபுவின் கதையைக் கேட்டு வந்த மனுஷன், யோபுவின் முடிவைக் கேட்டு ஆண்டவரிடம் பேரம் பேசவில்லை. மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூவாக ஞானஸ்நானம் பெற்று அவரோடு நின்றார்.

இது பயமுறுத்துவதற்கு இல்லை, தங்கச்சி. "நம்பு, எல்லாம் திரும்ப வரும்" என்று சொல்கிறவர்களிடமிருந்து உங்களைக் காப்பாற்றத்தான் எழுதுகிறேன். திரும்ப வராவிட்டால் அந்த நம்பிக்கை உடைந்துவிடும். தேவசகாயத்தின் நம்பிக்கை உடையவில்லை.

அமலி_மேரி:

பனிமய மாதா துணையிருப்பாள் அக்கா. உங்கள் குடும்பத்துக்காக இன்று நற்கருணை ஆராதனையில் செபித்தேன்.

நள்ளிரவுக்_கேள்வி:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. யார் மனமாவது புண்பட்டால் மன்னியுங்கள்.

என் மனைவிக்குப் புற்றுநோய் வந்தபோது நான் வேளாங்கண்ணிக்கு நடந்து போனேன். நவநாள் வைத்தேன். ஒரு குணமளிக்கும் கூட்டத்தில் மேடையிலிருந்து "இங்கே ஒரு சகோதரி குணமடைகிறாள்" என்றார்கள், அது அவள்தான் என்று நம்பினேன். அவள் போய்விட்டாள். அடக்கம் முடிந்த அன்று சொந்தக்காரர் ஒருவர் வந்து, கடவுளுக்கு அவள் தேவைப்பட்டாள் என்றார். எனக்குத் தேவைப்படவில்லையா? கூட்டம் நடத்தியவர்களில் ஒருவரோ என் நம்பிக்கையில் குறை இருந்திருக்கும் என்றார்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்பத் திருவிழா. கிறிஸ்துமஸுக்கு வந்த திருப்பயணிகள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றார்கள். ஆலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை, அற்புதம், புதுமை என்று எல்லாரும் சொன்னோம், நானும்தான். கடற்கரையில் நின்றவர்கள் நூற்றுக்கணக்கில் செத்துப்போனார்களே, அவர்களும் மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தானே? அவர்கள் வீட்டில் போய் யாராவது புதுமை என்று சொல்வார்களா?

அந்தச் சகோதரிக்கு நான் சொல்வது ஒன்றுதான். முடிவெடுங்கள். கடவுள் வந்து சொல்வார் என்று காத்திருக்காதீர்கள்.

நிர்வாகி:

நள்ளிரவுக்_கேள்வி அவர்களின் பதிவு இங்கேயே இருக்கும். அதை நீக்கச் சொல்லி இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். திருப்பாடல்களில் இதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறார்கள். பதில் எழுதுகிறவர்கள் அவருக்குப் புத்தி சொல்லாமல் அவரோடு பேசுங்கள்.

மன்னார்த்_தங்கை:

அண்ணா, உங்களுக்குப் பதில் சொல்ல என்னட்ட ஒன்றும் இல்லை. உங்கட மனைவிக்காக செபிக்கிறேன்.

ஆனால் நீங்கள் சொன்னது எங்களுக்கும் தெரியும். நான் மன்னார்ப் பக்கம், இப்போது டொரண்டோவில் இருக்கிறேன். மடு மாதா கோயிலுக்கு ஓடினால் உயிர் தப்பலாம் என்று நம்பித்தான் சண்டைக் காலத்தில் எங்கட சனம் அங்கே போய் இருந்தது. 1999 நவம்பரில் அந்தக் கோயிலிலேயே ஷெல் விழுந்து, தஞ்சமென்று வந்திருந்த ஆக்கள் பலர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் சனம் மடுவுக்குப் போனது. ஏன் போனீர்கள் என்று என் அம்மம்மாவிடம் கேட்டேன். "வேற ஆரிட்ட போறது?" என்றா. சின்ன வயதில் அதை ஒரு பதிலாகவே நான் எடுக்கவில்லை. இப்போது அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. பேதுரு ஆண்டவரிடம் கேட்டதும் அதுதானே, யோவான் 6ஆம் அதிகாரத்தில்.

2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கினபோது குருமார் மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். மாதாவே இடம்பெயர்ந்து போய்விட்டா என்று பெரியவர்கள் அழுதார்கள். அது அவவுக்கு முதல்தரம் இல்லை. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கரைத் துன்புறுத்தின 17ஆம் நூற்றாண்டில் மாந்தையிலிருந்து அந்தச் சுரூபத்தைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடினதால்தான் மடு என்ற திருத்தலமே உண்டானது. 2008 ஆகஸ்டில் சுரூபம் திரும்பி வந்தது. சனம் திரும்பி வர இன்னும் நாள் எடுத்தது. திரும்பி வராத ஆக்களும் இருக்கினம்.

அலைவாய்க்கரை அக்கா, உங்கட மகள் பேசாமல் படுத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அந்த வயதில்தான் நாடு விட்டு வந்தேன். வீட்டில் எல்லாரும் "கடவுள் காப்பாற்றி இங்கே கொண்டுவந்தார், நன்றி சொல்லு" என்றார்கள். எனக்கு நன்றி வரவில்லை, என் சிநேகிதிகள்தான் ஞாபகம் வந்தார்கள். ஒரு கன்னியர் மட்டும்தான் "எதை விட்டுவிட்டு வந்தாய்?" என்று கேட்டா. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, செபமும் வந்தது. அவளிடம் அதைக் கேளுங்கள்.

தியான_நேரம்:

அலைவாய்க்கரை சகோதரி, காத்திருப்பதா முடிவெடுப்பதா என்ற உங்கள் கேள்வியை, இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் வழியில் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். நான் அவருடைய ஆன்மிகப் பயிற்சிகளைச் செய்துவருகிறவன், அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்.

அவரும் நிறைய முறை திட்டம் தவறிப்போன மனிதர். 1521இல் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்தது, படைவீரன் கனவு போனது. பிறகு எருசலேமிலேயே தங்கி ஊழியம் செய்வது என்று உறுதியாகப் போனார். 1523இல் போய்ச் சேர்ந்தும் விட்டார். அங்கே பொறுப்பில் இருந்த பிரான்சிஸ்கன் துறவிகள் தங்கக்கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். 1534இல் பாரிசில் தோழர்களோடு சேர்ந்து மறுபடியும் எருசலேமுக்கே நேர்ந்துகொண்டார்கள். ஆனால் அந்த நேர்ச்சையிலேயே ஒரு விதி வைத்தார்கள்: குறித்த ஒரு வருடத்துக்குள் போக வழியில்லாவிட்டால் திருத்தந்தையிடம் போவோம், அவர் அனுப்பும் இடத்துக்குப் போவோம். வெனிஸில் காத்திருந்தார்கள். துருக்கியரோடு போர், கப்பல் போகவில்லை. ரோமுக்குப் போனார்கள்.

இந்தியாவுக்கு அனுப்பப் பெயர் சொன்னது பொபதில்லா என்ற தோழரை. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே கடைசி நேரத்தில் பிரான்சிஸ் சவேரியாரை அனுப்பினார்கள். 1542இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அதற்குச் சில வருடம் முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தும் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் இருந்த உங்கள் கரை மக்களுக்குத் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தார். வெனிஸில் அந்த வருடம் கப்பல் கிடைத்திருந்தால் உங்கள் தூத்துக்குடிக்கு வேறு யார் வந்திருப்பார்களோ.

அந்த நேர்ச்சையில் எனக்குப் பிடித்தது அவர்கள் ஒரு கெடு வைத்தது. ஆர்வத்தோடு விரும்பினார்கள், காத்திருந்தார்கள், நாள் முடிந்ததும் எழுந்து அடுத்த வேலைக்குப் போனார்கள்.

இனி உங்களுக்கு உதவக்கூடியது. மனம் வறண்டு, இருண்டு, கடவுள் தூரமாகத் தோன்றும் நேரத்தில் முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. இரவு இரண்டு மணிக்கு எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆனால் உங்களுக்கோ பதில் சொல்ல நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கும் வழி வைத்திருக்கிறார். உள்ளத்தில் பெரிய தூண்டுதல் எதுவும் இல்லாதபோது கடவுள் கொடுத்த அறிவைப் பயன்படுத்தச் சொல்கிறார். மஸ்கட்டுக்குப் போனால் என்ன நன்மை, என்ன கேடு, போகாவிட்டால் என்ன நன்மை, என்ன கேடு என்று எழுதுங்கள். நீங்கள் தனியாகவும் அவர் தனியாகவும் எழுதி, பிறகு சேர்ந்து பாருங்கள். லாரி ஆபீஸின் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதும் இதில் சேரும். சொந்தக்காரர் என்பதால் கேட்கக் கூசவேண்டாம். அடுத்து, முன்பின் தெரியாத ஒரு குடும்பம் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று யோசியுங்கள். சாகும் நேரத்தில் எதைச் செய்திருக்கவேண்டும் என்று நினைப்பீர்கள் என்றும் யோசியுங்கள். எடுத்த முடிவைத் திருப்பலியில் ஆண்டவர் முன் வையுங்கள். கொஞ்ச நாள் மனதில் அமைதி தங்குகிறதா என்று கவனியுங்கள். பயம் இல்லாமல் போகவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பயத்துக்கு அடியிலும் அமைதி இருக்கலாம்.

நள்ளிரவுக்_கேள்வி:

கப்பல் போகாததால் சவேரியார் வந்தார் என்பது நானூற்று எண்பது வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறவனுக்குச் சரி. வெனிஸில் நின்றவர்களுக்கு அது தெரியாது. என் வாழ்க்கையை அப்படித் திரும்பிப் பார்க்க எனக்கு நாள் கிடையாது. அவள் செத்ததால் இன்ன நன்மை வந்தது என்று யாராவது எனக்குக் காட்டினால், அந்த நன்மையே எனக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மன்னார்த் தங்கைக்கு நன்றி. உங்கள் அம்மம்மா சொன்னது புரிகிறது.

ஞானோபதேச_ஆசிரியர்:

தம்பி, நீங்கள் சொல்வது சரி. அவர் இறந்ததற்கு ஒரு கணக்கு சொல்லி அதை நியாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. திருச்சபையும் அப்படிச் செய்வதில்லை. தீமை ஏன் என்ற கேள்விக்கு அவசரப் பதில் எதுவும் போதாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியே சொல்கிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று ஆண்டவர் கேட்டு, இல்லை என்றார். லூக்கா 13. கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவில்லை. உங்கள் நம்பிக்கையில் குறை என்று சொன்னவர் லூக்கா 13ஐ வாசித்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார். அதைக் கேட்டு எனக்குக் கோபமே வருகிறது.

திருப்பாடல் 88 என்று ஒன்று உண்டு. மற்ற புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது புகழ்ச்சிக்கு வந்துவிடும். இது வராது, இருளிலேயே முடிகிறது. குருக்களும் துறவியரும் வெள்ளிக்கிழமைதோறும் படுக்கப்போகும் முன் இரவுச் செபத்தில் அதைச் சொல்கிறார்கள். உங்களைப் போன்றவர்களின் வார்த்தையை வாரம் தவறாமல் உலகம் முழுக்கத் திருச்சபை தன் செபமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கோவிலுக்குப் போகாத வாரத்திலும்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அலைவாய்க்கரை மகளுக்கும் இது சேரும். வியட்நாமின் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான். நாட்ராங் என்ற மறைமாவட்டத்தில் எட்டு வருடம் ஆயராக இருந்தவர். குருமடம், இளைஞர்கள், பொதுநிலையினர் பயிற்சி என்று கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். 1975 ஏப்ரல் 24 அன்று சைகோனுக்கு, பேராயருக்குப் பின் அவர் இடத்துக்கு வரும் உரிமையோடு, இணைப் பேராயராக நியமிக்கிறார்கள். ஒரே வாரத்தில் சைகோன் கம்யூனிஸ்ட் படையிடம் விழுகிறது. ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா அன்று கைது. பதின்மூன்று வருடச் சிறை, அதில் ஒன்பது வருடம் தனிமைச் சிறை. விசாரணையும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது.

அவரை அங்கே வதைத்தது பசி மட்டும் இல்லை. நாற்பத்தேழு வயது, நல்ல அனுபவம், மக்கள் வெளியே ஆயர் இல்லாமல் தவிக்கிறார்கள், நான் இங்கே சும்மா கிடக்கிறேனே என்ற நினைப்புதான். ஒரு இரவில் உள்ளத்தில் ஒரு தெளிவு வந்ததாக அவரே பின்னாளில் சொன்னார்: நீ செய்த எல்லாம் கடவுளின் வேலைகள், ஆனால் அவை கடவுள் அல்ல. அவர் அவற்றை உன்னிடமிருந்து எடுத்து வேறு ஆட்களிடம் கொடுக்க நினைத்தால் கொடுக்கட்டும். நீ தேர்ந்துகொண்டது அவரையா, அவருடைய வேலைகளையா?

அதற்குப் பிறகும் சிறை அப்படியேதான் இருந்தது. வெளியிலிருந்து வயிற்றுவலி மருந்து என்று எழுதி ஒரு சின்னப் புட்டியில் திராட்சை இரசம் அனுப்பினார்கள். உள்ளங்கையில் மூன்று துளி இரசம், ஒரு துளி தண்ணீர். அதில் திருப்பலி நிறைவேற்றினார். 1988 நவம்பரில் விடுதலை. சைகோன் பேராயராக அவர் பணியாற்றவே இல்லை. போனது போனதுதான்.

தம்பி, உங்கள் மனைவியை ஒரு 'வேலை' என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரை இழந்த துக்கம் குறையவேண்டிய அவசியமும் இல்லை. லாசரின் கல்லறைக்கு முன்னால் ஆண்டவரே அழுதார். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பறிபோனதும் கடவுளும் ஒன்று என்று நமக்குள் ஒட்டிப்போயிருந்தால், அது போகும்போது அவரும் போய்விட்டார் என்று தோன்றும். அவர் போகவில்லை. மகளுக்கும் அதுவே. துபாய் வாழ்க்கை கடவுள் கொடுத்தது, நல்லது. அது முடிந்ததால் அவர் உங்களோடு இருப்பது முடியவில்லை. மஸ்கட்டோ லாரி ஆபீஸோ, அதில் எது பலித்தாலும் பலிக்காவிட்டாலும் அப்படித்தான்.

புதன்கிழமை_சூசை:

பயம் நம்பிக்கைக் குறைவா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் சொல்கிறேன். மத்தேயு 2ஆம் அதிகாரம். எகிப்தில் இருந்த சூசையப்பரிடம் வானதூதர் கனவில், இஸ்ரயேல் நாட்டுக்குத் திரும்பிப் போ என்கிறார். புறப்படுகிறார். ஆனால் யூதேயாவில் ஏரோதின் மகன் அர்க்கெலாவு ஆள்கிறான் என்று கேள்விப்பட்டு அங்கே போக அஞ்சினார் என்று நற்செய்தியே சொல்கிறது. வானதூதர் சொல்லித்தான் வருகிறார், ஆனாலும் பயம். ஆண்டவர் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மறுபடியும் கனவில் எச்சரித்து கலிலேயாவுக்கு அனுப்பினார். நாசரேத்தில் குடியேறினார்கள். நாசரேத்து இயேசு என்று நாம் சொல்கிறோமே, அந்த ஊர் சூசையப்பர் பயந்து வழிமாறிப் போய்ச் சேர்ந்த ஊர்.

எகிப்தில் அவர் வேலை தேடித்தானே இருப்பார். புது ஊரில், புது மொழியில், கைக்குழந்தையோடு.

முட்டம்_கடலோரம்:

எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள், நான் சின்னதாக ஒன்று கேட்கிறேன். தங்கச்சி, அவருக்குப் பணிக்கொடையும் பாக்கிச் சம்பளமும் முழுசாக செட்டில் ஆகிவிட்டதா? எங்க ஊரில் வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பிறகு தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். காகிதங்களை எடுத்து ஒருமுறை பாருங்க.

அப்புறம் உங்க பங்குக் கோவிலில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கும். மகள் படிப்புக்குக் கஷ்டமென்றால் அவர்களிடம் சொல்லக் கூச்சப்படாதீங்க. ஒக்கி புயலில் எங்க கரையில் ஆண்கள் கடலுக்குப் போய்த் திரும்பாத வீடுகளில், முதல் வாரம் அடுப்பு எரிந்தது பங்குமக்கள் கொண்டுபோய்க் கொடுத்த அரிசியில்தான். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நாம சொல்கிறோம், அவர் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் இப்படி யாராவது ஒருத்தர் கையாலதான். வாங்கிக்கொள்வதும் நம்பிக்கைதான்.

அலைவாய்க்கரை:

எல்லாருக்கும் நன்றி. எழுதியதை அவருக்கும் வாசித்துக் காட்டினேன். வான் துவான் ஆண்டகை பற்றிய இடம் வந்தபோது இன்னொரு முறை வாசி என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன். மஸ்கட்காரர்களிடம் இரண்டு வாரம் தவணை கேட்டு எழுதினார், சரி என்றார்கள். லாரி ஆபீஸ் கணக்கை இந்த ஞாயிறு உட்கார்ந்து பார்க்கப் போகிறோம். சித்தப்பா மகன் முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரே நோட்டுகளை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். நானும் அவரும் தனித்தனியாக எழுதினோம். சேர்த்துப் பார்த்தபோது, "மகளோடு இருப்பது" என்பதை நான் முதலில் எழுதியிருந்தேன். அவர் அதைக் கடைசியில் எழுதி, அடிக்கோடு போட்டிருந்தார். இன்னும் முடிவாகவில்லை. முட்டம் அண்ணன் சொன்ன பிறகு காகிதங்களைப் பார்த்தோம், விடுப்புச் சம்பளம் ஒன்று வரவேண்டியிருக்கிறது. கேட்டு எழுதியிருக்கிறார்.

மகளிடம் மன்னார்த் தங்கை சொன்னதைக் கேட்டேன். முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அங்கே எங்கள் பங்கில் வெள்ளிக்கிழமை மறைக்கல்வி வகுப்பு முடிந்து சிநேகிதிகளோடு படியில் உட்கார்ந்திருப்பதைப் பற்றிப் பேசினாள். ரொம்ப நேரம் பேசினாள். இங்கே பாடகர் குழுவில் சேர்கிறாயா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

செபமாலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது. நின்ற இடத்தில் திருப்பாடல் 88ஐ வாசிக்கிறேன்.

நள்ளிரவுக்_கேள்வி அண்ணா, உங்களுக்கு ஒன்று. வருகிற சனிக்கிழமை காலைப் பூசையை உங்கள் மனைவியின் ஆன்மாவுக்காக ஒப்புக்கொடுக்கக் கருத்து கொடுக்கலாம் என்று இருக்கிறோம். உங்களுக்குச் சம்மதமென்றால் அவருடைய ஞானஸ்நானப் பெயரைத் தனிமடலில் அனுப்புங்கள். சம்மதமில்லை என்றாலும் தவறாக நினைக்க மாட்டோம்.

நள்ளிரவுக்_கேள்வி:

பெயரை அனுப்பியிருக்கிறேன்.

ஆசிரியர் ஐயா சொன்னது எல்லாவற்றையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடவுளும் அவளும் எனக்குள் ஒட்டிப்போயிருந்தார்கள் என்றால், அப்படி ஒட்டியதும் அவர் வேலைதானே? அவள் சொல்லித்தான் நான் மறுபடியும் பாவசங்கீர்த்தனத்துக்கே போக ஆரம்பித்தேன். இதைப் பற்றி வேறொரு நாள் உங்களோடு பேசவேண்டும்.

சகோதரி, சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது. முடிந்தால் ஞாயிறு முதல் பூசையில் வையுங்கள், அன்றைக்கு நானும் இங்கே என் பங்கில் பூசைக்குப் போக முடியும்.